கிலோவுக்கு ஐம்பது கிராம்

அங்கன்வாடித் தராசு பழுது என்று, சகாயராணி டீச்சர் பன்னிரண்டு குழந்தைகளையும் எதிரில் இருந்த என் புளி மண்டிக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மாதா மாதம் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தே ஆக வேண்டுமாம்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் பார்க்கிறதே.

புளி அழாது. அந்த வியாபாரத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். குழந்தைகளோ தராசில் ஏறியதும் ஒப்பாரி வைத்தார்கள்.

போன மாதத்தைவிட எல்லோருமே கொஞ்சம் இளைத்திருந்தார்கள்.

"வெயிலுக்கு அப்படித்தான்" என்றார் டீச்சர்.

வெயில் இல்லை. சரக்கு வாங்கும்போது என் தராசுக்குக் கொஞ்சம் கூச்சம். கிலோவுக்கு ஐம்பது கிராம் சொல்லாமல் விட்டுவிடும்.

விற்க வந்த நான்கு மூட்டைப் புளியை வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார் மாரப்பன்.

கடைசியாக ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது. அம்மா வெண்மதி, கொலுசைக் கழற்றிவிட்டு அதை மேலே நிறுத்தினாள். என் பக்கம் திரும்பவில்லை.

அது அழவில்லை. சிவப்பு எண்களைக் குனிந்து பார்த்தது.

எட்டு கிலோ எண்ணூறு.

டீச்சரின் பேனா மஞ்சள் கட்டத்தில் தயங்கியது. "எடை பத்தலையே வெண்மதி."

பின்னால் நின்ற மாமியார் ராமக்காளுக்கு அது போதும்.

"கம்பெனி வேலைக்கு ஓடுனா குழந்தை எப்படிங்க தேறும்? வளந்த வூடு அப்படி. கொடுத்துப் பழகுன வூடா இருந்தாத்தானே. நாளைக்கே பெங்களூர்ல எம் பொண்ணு வூட்டுல கொண்டுபோய் வுட்டுடறேன். எம் மவனும் சரின்னுட்டான்."

வெண்மதி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மாரப்பனைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் நாளையிலிருந்து இந்த வாசலில் ஒரு மூட்டை இறங்காது.

முப்பது வருடம் பேரம் பேசிய வாய். இன்றைக்குப் பேரம் பேச எதிரில் ஆளில்லை.

"டீச்சர், தராசு குறைச்சுக் காட்டுதுங்க."

"இதுவும் ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் இல்லைங்க. நான் வெச்சது."

மாரப்பன் மூட்டையிலிருந்து எழுந்தார்.

"எவ்வளவுங்க குறையும்?" என்றார் டீச்சர்.

எனக்கு முன்னால் வெண்மதி பதில் சொன்னாள். கொலுசின் திருகை மாட்டியபடி, தலை நிமிராமல்.

"கிலோவுக்கு அம்பது கிராம் டீச்சர். எங்கப்பாகிட்ட எப்பவும் அவ்வளவுதான் குறையும்."

தெரிந்தேதான் நின்றிருக்கிறாள். நான் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

டீச்சர் பெருக்கிப் பார்த்துப் பச்சையில் புள்ளி வைத்தார். ராமக்காள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வெண்மதி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்ன இடத்துக்கே போனவள். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. மூன்று வருடமாகிறது.

இன்றைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் வழியாகக் குழந்தைதான் பார்த்துக்கொண்டே போனது, என்னையா தராசையா தெரியவில்லை.

மாரப்பன் மூட்டைகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்பதேகால் கிலோ.

என் பேத்தியைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.