அம்மன் பார்த்த பக்கம்

வரலட்சுமி நோன்புக்காக, கலசத் தேங்காயில் செல்வகுமாரியே மையால் கண் வரைந்திருந்தாள், நேராகப் பார்க்கும்படி.

தாம்பூலம் வாங்க முதலில் வந்தவள், அவர்கள் வயலில் நடவு நடும் சுகன்யா. செல்வகுமாரி தாம்பூலப் பையோடு கேட்டுக்கே போனாள்.

“சாமிய ஒரு வாட்டி பாத்துட்டுப் போறன்க்கா.”

“உள்ள வோணாம். இங்கயே வாங்கிக்கோடி.”

செல்வகுமாரி திரும்பி வந்தபோது அம்மனின் கண்கள் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கலசத்தைத் திருப்பி வைத்தாள். முகம் திரும்பியது. கண்கள் மறுபடி கேட்டையே பார்த்தன. மையை அழித்துவிட்டு வரைந்தாள். அப்போதும் அப்படியேதான்.

தெருப் பெண்கள் வந்தார்கள். விழுந்து கும்பிட்டு எழுந்த ஒவ்வொருத்தியும் அம்மன் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கேட் கம்பியில் சுகன்யாவுக்குக் கொடுத்த பை தொங்கிக்கொண்டிருந்தது.

“யாருதுக்கா அது?”

செல்வகுமாரியால் அவர்கள் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அம்மன் முகத்தையும்.