நாலு மணிக்குள் ஒரு டேஷ்போர்ட்

"பிள்ளையார மொதல்ல எறக்குங்க" என்றாள் கம்சலா. "ஸ்க்ரூவ கழட்டுனதும் அவரு தலைகீழா விழுந்தா அந்தப் பாவமும் நமக்குத்தான்."

ரமணன் பிக்கப்புக்குள் தலையை விட்டான். அது எழுபத்தெட்டாம் ஆண்டு வண்டி. அவனுடைய அப்பா வாங்கும்போதே அதில் டேஷ்போர்ட் இல்லை. தோட்டத்து ஃபேக்டரியில் உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து, மீட்டர்களுக்காக மூன்று ஓட்டை போட்டு, அவரே பொருத்தினார். மீட்டர்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. வேகம் காட்ட வேண்டிய ஓட்டையில் பிள்ளையார் உட்கார்ந்துவிட்டார். வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. அதற்கு டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும்.

பலகையில் தோட்டத்தின் பெயரும், அதன் கீழே பி.ஓ.பி. என்று தேயிலையின் தரமும் கறுப்பு மையில் இன்னும் அழியாமல் இருந்தன.

கம்சலாவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்தன்று அதில் துருத்திக்கொண்டிருந்த ஆணி அவளுடைய சேலையைக் கிழித்திருந்தது. ஆனால் இன்றைய அவசரத்துக்குக் காரணம் வேறு.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். ரயிலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போக அவர்களுக்கு ஒரு பழைய பிக்கப்பும், அதை ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். யாரோ ஒரு பயணி ரமணனின் வண்டியைப் படமெடுத்து நெட்டில் போட்டிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு மேனேஜர் துஷாந்தினி போன் செய்தாள். இன்று நாலு மணிக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் ரமணன் திங்கட்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுவான். டிக்கட் வந்துவிட்டது. கம்சலா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள், அதனால் விமானமே கிளம்பாது என்பதுபோல.

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போகவில்லை. பண்டாரவளையிலிருந்து மெக்கானிக் ஸப்வானை வரவழைத்தாள். பெரகலயில் ஒரு கடைக்குப் பின்னால் கோழிக்கூடாகக் கிடந்த அதே மாடல் வண்டியிலிருந்து அவன் ஒரு டேஷ்போர்டைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். கோழி எச்சத்தையெல்லாம் கம்சலாதான் தேய்த்துக் கழுவினாள். அடியில் ஒரு முட்டைகூட இருந்தது.

ரமணனுக்கு மனமில்லை. அப்பா செய்தது என்று முனகினான்.

"ஒங்க அப்பா செஞ்சதுல ஒழுங்கா வேல செய்யிறது ஒண்ணுமே இல்ல" என்றாள் கம்சலா. "ஒங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஸப்வான் சிரிப்பை அடக்க ஸ்க்ரூ ட்ரைவரைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

பலகை கழன்று வந்தது. அதை என்ன செய்வதென்று ஸப்வான் கேட்டான். கம்சலா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள்.

புது டேஷ்போர்ட் லேசில் பொருந்தவில்லை. ஸ்க்ரூ ஓட்டைகள் ஒன்றுக்கொன்று ஒரு விரல் தள்ளி நின்றன. வயர்களின் நிறமெல்லாம் வெளுத்து ஒரே நிறமாகியிருந்தது. ஸப்வான் ஒரு குத்துமதிப்பாக இணைத்தான். இடது பக்கம் சிக்னல் போட்டால் ஹோர்ன் அடித்தது. ஹோர்னை அமுக்கினால் வைப்பர் ஆடியது. பக்கத்து வீட்டு மாரியாயி வந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு அருள் வந்திருக்கிறது, விபூதி போடுங்கள் என்று சொல்லிப் போனாள்.

மூன்றரைக்கு எல்லாம் சரியானது. ரமணன் சாவியைத் திருப்பினான். மூன்று முள்ளும் ஒன்றாகத் துள்ளி எழுந்தன. அதுவரை உம்மென்று இருந்தவன் பல்லைக் காட்டினான். வேகம் காட்டும் வேலை போன பிள்ளையாரை டேஷ்போர்டின் மேலே ஒட்டிவைத்தார்கள்.

"இப்பதான் இது வண்டி மாதிரி இருக்கு, தங்கச்சி" என்றான் ஸப்வான்.

"இத்தன வருசமா என்ன மாதிரி இருந்துச்சு, ஸப்வான் நானா?"

"பெட்டி மாதிரி."

நாலு மணிக்கு துஷாந்தினி வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தாள், கதவைத் திறந்து மூடினாள், ரமணனின் லைசன்ஸையும் வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கம்சலா அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். துஷாந்தினி ஒரு மிடறு குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கோப்பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்சலா ரமணனின் இடுப்பில் இடித்தாள், பார்த்தீர்களா என்பதுபோல.

"அந்தப் பலகை எங்க?" என்றாள் துஷாந்தினி.

அவள் நீட்டிய போனில் பயணி எடுத்த படம் இருந்தது. அதில் வண்டியின் வெளிப்பக்கமே இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகை, கறுப்பு எழுத்து, ஓட்டைக்குள் பிள்ளையார். அவ்வளவுதான்.

"இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மத்தபடி பழைய பிக்கப் கொழும்புலயே நிறைய இருக்கு. திரும்ப மாட்டிடலாம்தானே?"

ரமணன் கம்சலாவைப் பார்த்தான். கம்சலா துஷாந்தினியின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"மூணு நாளா மழைங்க மிஸ், காஞ்ச வெறகு வேற இல்ல" என்றாள். "அந்தத் தேத்தண்ணி கொதிச்சதே அதுலதான்."