பதினான்காம் தேதி

தேவாலயப் பங்கு அலுவலகத்துப் புது மென்பொருள், ஒவ்வொரு தேதியோடும் நள்ளிரவு எனப் பதிந்திருந்த நேரத்தை ஐந்தரை மணி பின்தள்ளி, இறந்தோர் தேதிகளை ஒரு நாள் முன்னதாகக் காட்டிவந்தது. அதைக் கண்டறிந்து திருத்திய எழுத்தர் ஜெயமேரிக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் முதியவர் பாக்கியராஜ்.

அவர் மனைவி மறைந்தது பதினைந்தாம் தேதி. "பதினாலு முழுக்க எங்கூடப் பேசிக்கிட்டுத்தாம்மா கெடந்தா" என்று அவர் மன்றாடியபோது, "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாய்யா?" என்று பலர் முன்னிலையில் சிரித்து, இறப்புச் சான்றில் பதினான்கு என்றே ஜெயமேரி எழுதித் தந்திருந்தார். கல்லறைக் கல்லிலும் அப்படியே வெட்டிவிட்டார்கள்.

ஜெயமேரி தலைகுனிந்தபடி பாக்கியராஜின் ஊரான சாணார்பட்டிக்குச் சென்றார். "தப்பு என்னோடதுய்யா. கல்ல மாத்திருவோம்."

"வேணாம் தாயி, நீ சொன்னதுதான் சரி" என்றார் பாக்கியராஜ் அமைதியாக. "கல்லு நட்டதும் எனக்கு வெளங்கிருச்சு. பதினாலாந்தேதி நான் ஒத்தையாத்தான் இருந்தேன். அன்னிக்கு அவளுக்கு ஊசி போட வந்த நர்சம்மாவும் கட்டில் காலியாத்தான் கெடந்துச்சுங்குது."