கமிட்டிக்குப் பிடித்த பாட்டு

"இதுல எந்த எடத்துல தம்பி கைதட்டணும்?"

கோயில் கமிட்டித் தலைவர் அழகன், பக்கத்து நாற்காலியில் இருந்த வினோஜனின் காதுக்குள் கேட்டார். மேடையில் கொழும்பிலிருந்து வந்த பையன் ஒருவன் கிட்டாரோடு குப்புறப் படுத்துக் கிடந்தான். பாட்டு முடிந்துவிட்டதா, பையனுக்குத்தான் ஏதும் ஆகிவிட்டதா என்று தெரியவில்லை.

"இப்ப தட்டலாம் மாமா," என்றான் வினோஜன். அவனுக்கும் நிச்சயமில்லை.

ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில் ராக் இசை மாலை. முந்தைய நாள் மணமக்களின் பெயர் இன்னும் சுவரில் மின்னிக்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டைத் தொடமாட்டோம், சொந்தப் பாட்டுத்தான் என்று சபதம் எடுத்த குழுக்கள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் வரவிருந்தது 'ஈரச் சாக்கு'. மஸ்கெலியாப் பக்கம் வினோஜன் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள். பாடுவது அவன் சிநேகிதன் பிரதாப்.

கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தில் அவர்கள் பாடிப் பழகும்போதெல்லாம் லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் கொடுத்த ஏச்சு கொஞ்சமல்ல. யார் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பிரிக்கிறீர்கள் என்று பிரதாப்பின் அம்மா மீனம்மாவே கேட்பாள். சொந்தத் தோட்டத்துத் திருவிழா மேடையில் ஒரு முறை ஏறிவிட்டால் போதும், இந்தப் பேச்செல்லாம் அடங்கிவிடும் என்பது பையன்களின் நம்பிக்கை. அந்த மேடையோ அழகன் கையில். எப்போதும் சினிமாப் பாட்டுக் குழுவையே கூட்டிவரும் மனிதரை, வினோஜன் கெஞ்சிக் கூத்தாடி பஸ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான்.

அடுத்த குழு தோட்டத் தொழிலாளியின் துயரத்தைப் பாடியது. கொழுந்து கிள்ளும் விரல்களுக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டபடியே உருகிய பாடகர், கீழே இறங்கியதும் தேநீரில் சாயம் போதாது என்று சண்டை பிடித்தார். அதற்கடுத்த குழு பாடவேயில்லை. கிட்டாரின் ஒரு கம்பியை மட்டும் நெடுநேரம் மீட்டிவிட்டு, மௌனமும் பாட்டுத்தான் என்று விளக்கம் கொடுத்தது.

அழகன் உதட்டைப் பிதுக்கினார். "இது சரிவராது தம்பி. சனம் அது பாட்டுக்குக் குந்திக்கிட்டுக் கதை பேசும்."

பிறகு பிரதாப் ஏறினான். முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. முன்வரிசைக் குடும்பம் ஒன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அழகன் அவர்கள் வாசலைத் தாண்டும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பாடுறான்னு ஒனக்கு வெளங்குதா?"

"வெளங்கணும்னு இல்ல மாமா. உள்ளுக்குள்ள உணரணும்."

"இதவிடச் சத்தமா வாசிப்பானுங்களா?"

"நம்ம கோயில் ஸ்பீக்கர்னா மலைக்கு அந்தப் பக்கமும் கேக்கும்."

அடுத்த பாட்டுக்குள் பின்வரிசைகள் காலியாகின. அதற்கடுத்த பாட்டில் மண்டபத்துக் காவல்காரரே காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எல்லாம் போயிற்று என்று வினோஜன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது அவன் முதுகில் அழகனின் கை விழுந்தது.

"திருவிழாவுக்கு இவனுங்களையே போட்டுருவோம்."

மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் வினோஜனால் நம்ப முடியவில்லை. ஜனமெல்லாம் சாமி ஊர்வலத்தோடு போய்விடும் நேரத்தில் ஒப்பேற்றச் சொல்வாரோ என்று பயந்து கேட்டான். அதெல்லாம் இல்லை, தோட்டத்தின் நாலு டிவிஷன் ஜனமும் வந்து மைதானம் நிறைந்து நிற்கும் நேரத்தில்தான் என்று அடித்துச் சொன்னார் அழகன். மண்டபத்தில் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டிருந்த பிரதாப்புக்கு வினோஜன் உடனே போன் போட்டான். பெரியவர்களுக்கும் நம் இசை பிடிபடத் தொடங்கிவிட்டது என்றான். மறுமுனையில் பிரதாப் அழுதேவிட்டான்.

போனை வைக்கும்வரை காத்திருந்த அழகன், வினோஜன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு கண்டிசன் தம்பி. இவனுங்க பாட்டுக்கு அடுத்ததா நம்ம எம்.பி. பேச வர்றாரு, வேணாம்னும் சொல்ல முடியாது. கூட்டத்தக் கண்டா மைக்க விடாத மனுசன், அதனால அவரு வந்து எறங்கையில மைதானத்துல ஒரு ஆளு நிக்கக்கூடாது."