எருமைக்குக் குரல் கொடுத்தவர்

கார்ட்டூன் தொடரில் அமைச்சராக வரும் எருமை, மேடையில் முழங்கி முடித்தது. தணிக்கை அதிகாரியின் முகம் கடுகடுவென்று மாறியது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் தொடரே படுத்துவிடும். பெண் இயக்குநர் படத்தை நிறுத்தினாள்.

"எருமையா வரைஞ்சதைக்கூடப் பொறுத்துக்கலாம்மா. வீட்டுக்குள்ளயே வெள்ளம் வந்துட்டதால இனி குடிதண்ணிக் குழாய் தேவையில்லைன்னு எந்த அமைச்சராவது பேசுவாரா? அமைச்சர் குரல் மாதிரியாவது இருக்கா? பேசினவனை முதல்ல தூக்குங்க!" என்றார் அதிகாரி.

"சார், மிமிக்ரி கலைஞர் இன்னும் வந்து பேசவே இல்ல. எருமையோட வாயசைவை வரையறதுக்காக, நிஜ அமைச்சர் போன மாசம் மேடையில பேசின ஒலிப்பதிவைத்தான் தற்காலிகமா போட்டிருக்கோம்."

அதிகாரி அவசரமாகக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவரைத் தூக்க எங்களால முடியாது சார்," என்றாள் இயக்குநர் பணிவாக. "அதுக்குத் தேர்தல் வரணும்."