சாயாத கோடு

பெயிண்டர் பிரஷை வாளியில் முக்கி எடுத்துவிட்டு, "அடிச்சிடலாமா மேடம்?" என்றார்.

சந்தைக் கட்டடத்தின் ஆற்றுப்பக்கச் சுவர். அதில் எட்டுக் கோடுகள். ஏழுக்குப் பக்கத்தில் வருடம் வெட்டியிருக்கிறது. எட்டாவதற்கு இல்லை.

ஆற்றின் அளவைக் காட்டும் கோடுகள் மட்டும் இருக்கலாம், மற்றதெல்லாம் வெள்ளைக்குள் போகட்டும் என்று உத்தரவு. பார்த்துச் சொல்ல நீர்வளத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்திருந்தார். படகுத்துறை நடத்துகிறவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு சுவரிடம் வந்தார். பாசி வழுக்கும் என்று பயம் போல என நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது கோடு என் அப்பா வெட்டியது. எது போனாலும் அது போகக் கூடாது.

"இதுவும் வெள்ளம்தாங்க," என்றேன்.

"எந்த வருஷம்?"

வாய்க்கு வந்த வருஷத்தைச் சொன்னேன்.

"அந்த வருஷம் குடிக்கத் தண்ணியில்லாம ஊரே குடத்தோட அலைஞ்சுதுண்ணே," என்றார் பெயிண்டர். "பொய்யையாவது கொஞ்சம் நனைச்சுச் சொல்லக் கூடாதா?"

பொறியாளர் சிரிக்கவில்லை. ரசமட்டத்தை எடுத்துக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தார். குமிழி நட்டநடுவில் போய் நின்றது.

அத்தோடு என் பொய் முடிந்தது.

ஏனென்றால் ஆறு இந்த இடத்தில்தான் திரும்புகிறது. வருகிற தண்ணீர் சுவரில் முதலில் மோதும் முனையில் எம்பி நிற்கும். அடுத்த முனைக்குப் போவதற்குள் அடங்கிவிடும். வெள்ளம் வடியத் தொடங்கியதும், சுவர் காய்வதற்குள், அந்த ஈரத்தின் விளிம்பிலேயே கல்தச்சர் உளியை வைப்பார். அதனால் ஏழு கோடுகளும் ஒரு விரல் அளவாவது சாய்ந்திருக்கும். சாயாத கோட்டை ஆறு போட்டிருக்க முடியாது.

உண்மையைச் சொன்னேன்.

ஒரு காலத்தில் சரக்குப் படகுகளை இந்தச் சுவரில்தான் கட்டுவார்கள். மூட்டைகள் படியேறி நேராகச் சந்தைக்குள் போகும். இரும்பு வளையங்கள் மூன்று உயரத்தில் இருப்பது அதற்குத்தான்: கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, ரெண்டுங்கெட்டான் நாளுக்கு ஒன்று. பாலம் வந்தது. லாரி வந்தது. சரக்குப் படகுகள் நின்றன. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா நான்கு சின்னப் படகுகளை வாங்கி, சாயங்காலங்களில் வாடகைக்கு விட்டார். ஆறு வேலையை விட்டுவிட்டு விளையாட வந்தது அப்போதுதான்.

தண்ணீர் மூன்றாம் படிக்கு இறங்கினால்தான் அப்பா படகை அவிழ்ப்பார். அந்த மட்டத்தில் ஒரு கழியோடு ஆற்றில் இறங்கி, வளைவிலிருந்து பாலம்வரை அடி அடியாக அளந்தார். இருப்பதிலேயே ஆழமான இடத்தை எடுத்தார். அதோடு ஒரு சாண் சேர்த்தார். அந்த உயரத்தைத் தரையிலிருந்து குறித்து, ரசமட்டம் வைத்துச் சுவரில் வெட்டினார்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தலை கோட்டைத் தொட்டால் தனியாகப் படகு எடுக்கலாம். கவிழ்ந்தாலும் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும். தொடாவிட்டால் பெரியவர் யாராவது கூட ஏற வேண்டும்.

"இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் இந்தக் கோட்டுக்குத்தாங்க வளர்ந்தாங்க," என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கோட்டுக்கு இருக்கும் மரியாதை போய்விடும்.

சந்தையில் தானியம் அளப்பவருக்கு ஒரு மகள். ஒன்பது வயது. அரைப்படி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கோடை முழுக்கத் தினமும் வந்து நின்றாள். தினமும் நான்கு விரல் குறைந்தது. மழை முடிந்ததும் குடும்பத்தோடு ஊரைவிட்டே போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் வந்து நின்றாள்.

பிறகு வெள்ளம் வந்து வடிந்தது. வண்டலை வாருவது என் வேலை. எனக்குப் பதினைந்து வயது. துறை முழுக்க வாரினேன். கோட்டுக்கு நேர் கீழே மட்டும் நான்கு விரல் கனத்துக்கு விட்டுவிட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்தேன்.

தண்ணீர் மூன்றாம் படிக்கு இறங்கிய அன்று அவள் தலை கோட்டைத் தொட்டது. அப்பாவே குனிந்து பார்த்துவிட்டுப் படகை அவிழ்த்துக் கொடுத்தார்.

அப்பாவை ஏமாற்றலாம். அந்த நான்கு விரலை ஆறு விட்டுக்கொடுக்குமா?

அதனால் நானும் ஆற்றில் இறங்கினேன். வளைவிலிருந்து பாலம்வரை, படகுக்கு ரெண்டு கை தள்ளி, மார்பளவு தண்ணீரில் கூடவே நடந்தேன். துடுப்பு ஒன்று தொலைந்துவிட்டது, தேடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆறே தனக்குச் சொந்தம் போலத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள்.

பொறியாளர் நோட்டில் எழுதியபடியே வாய்விட்டுப் படித்தார்.

"ஆழக் கோடு. மூணாம் படி மட்டத்துக்கு. இது இருக்கட்டும்."

"பொழைச்சீங்கண்ணே," என்று பெயிண்டர் கோட்டைத் தொடாமல் பிரஷை அதற்கு மேலே கொண்டுபோனார்.

பொறியாளர் ரசமட்டத்தைப் பைக்குள் வைத்தார். படிக்கட்டுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். நாலு படி ஏறியவர் நின்று திரும்பினார்.

"அண்ணே, தொலைஞ்ச துடுப்பு கிடைச்சுதா?"