சிவப்புக் கோடு

"மருமகளே, அப்படியே நில்லு! அந்தக் கோட்டைத் தாண்டினே, உன் புருஷனுக்குச் சங்கத்துச் சாவி கிடையாது!"

தலைவர் கோல்டோ போட்ட சத்தத்தில், பலோமாவின் தூக்கிய கால் அப்படியே நின்றது. சமையலறை வாசலில், தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கோடு பளபளத்தது. பக்கத்திலேயே பலகை: 'பெண்கள் உள்ளே வரக் கூடாது.'

ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் ஆண்கள் கூடிச் சமைக்கும் சங்கங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. இன்று கோல்டோவின் மகன் யூலெனுக்குப் பரீட்சை. காட் மீன் குழம்பு கூடிவந்தால் அவன் உறுப்பினர். சொதப்பினால் ஊர் சிரிக்கும்.

"மாமா, தீ அதிகம். எண்ணெய் வேற, மீன் வேறயா நிக்குது பாருங்க. ஒரே நிமிஷம், நான் வந்து..."

"நீ மாட்ரிட்ல பெரிய ஹோட்டல் சமையல்காரியா இருக்கலாம். இது எங்கப்பா போட்ட கோடு. இன்னிவரைக்கும் ஒரு பொம்பளை கால் உள்ளே பட்டதில்ல!"

"ரொம்பத்தான் பெருமை! மீன் வடக்குக் கடல்லேருந்து வந்தது. மிளகாய் அமெரிக்காவிலேருந்து வந்தது. எண்ணெய் தெற்கேருந்து வந்தது. இதுல உங்களோடது என்ன மாமா?"

"சட்டியை ஆட்டுற கை!" கோல்டோ மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். உள்ளே இருந்த ஆண்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

மாமியார் கரமெலே எழுந்து வந்து மருமகளை, விருந்துக்கு வந்திருந்த பெண்களின் மேஜைக்கு இழுத்துப் போனாள். "வா, உட்காரு. முதல்ல வைனைக் குடி."

பலோமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால்தானே போகக் கூடாது? இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். "யூலென்! சட்டியை இறக்கு! சூடு தணியட்டும், அப்புறம் ஆட்டு!"

"வாய்க்கும் ஒரு கோடு போட்டிருக்கணும்" என்று முணுமுணுத்தார் கோல்டோ.

யூலென் மண்சட்டியை இறக்கினான். ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். தெளிந்து நின்ற எண்ணெய் மெல்ல வெளுத்து, கெட்டியாகி, மீனைத் தழுவிக்கொண்டது. மாவு இல்லை, பால் இல்லை, வெறும் கைவாகு. கோல்டோ ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"என் பிள்ளைடா!"

சாவி யூலெனின் கழுத்தில் ஏறியது. பலோமாவுக்கும் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஆண்கள் பரிமாறினார்கள், தட்டெடுத்தார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தார்கள். ஆனால் அந்தக் கோடு மட்டும் அவள் கண்ணை உறுத்தியது.

"அத்தை, இதை நான் விடப் போறதில்ல. எல்லாப் பெண்களையும் திரட்டி, அந்தக் கோட்டை அழிக்க வைக்கிறேனா இல்லையா பாருங்க!"

மேஜையைச் சுற்றி எல்லாப் பெண்களும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கரமெலே சமையலறையை எட்டிப் பார்த்தாள். முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார் கோல்டோ. அவள் மருமகளின் காதருகே குனிந்தாள்.

"மெதுவாப் பேசுடி! உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருது, கெடுத்துடாதே. அந்தக் கோட்டைப் போட்டது உங்க மாமாவோட அப்பா இல்ல, அம்மா. போன மாசம் மங்கிப்போச்சேன்னு யாருக்கும் தெரியாம மறுபடி பெயின்ட் அடிச்சது நான்!"